வீட்டில் கட்டிய செவன் காரில் எஞ்சின் மாற்றம்: கிராஸ்ஃப்ளோவை இறக்கி ஸெட்டெக்கை ஏற்றும் வழி

பிரிட்டனில் பழைய கிட் கார்கள் (உறுப்புகளாக வாங்கி வீட்டில் கட்டுபவை) விற்பனைக்கு வரும்போது, எஞ்சின் மாற்றம் பாதியில் இருக்கிறது என்ற குறிப்பை அடிக்கடி காணலாம். போய்ப் பார்த்தால் புதிய எஞ்சின் சேசிஸுக்குள் உட்கார்ந்திருக்கும். ஆனால் சம்ப் (எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) தரையை உரசும் உயரத்தில் தொங்கும், அல்லது ஸ்டீயரிங் தண்டு போக வழியிருக்காது, அல்லது வயர்கள் எங்கே போகின்றன என்று உரிமையாளருக்கே தெரியாது. எஞ்சினைத் தூக்கி உள்ளே வைப்பது ஒரு பிற்பகல் வேலை. அதைச் சுற்றியுள்ள பொருத்தங்களை முன்கூட்டி யோசிக்காதவர்கள்தான் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள். அந்தப் பொருத்தங்களை, செய்ய வேண்டிய வரிசையில் இங்கே சொல்கிறேன்.

பொதுவாகப் பேசினால் பயனில்லை என்பதால் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தை எடுத்துக்கொள்கிறேன். லோட்டஸ் செவன் பாணியில் வீட்டில் கட்டிய கார். அதில் ஃபோர்டின் பழைய 1.6 லிட்டர் கிராஸ்ஃப்ளோ எஞ்சினும், ஃபோர்டு சியரா காலத்து டைப் 9 என்னும் ஐந்து கியர் பெட்டியும் இருக்கின்றன. கிராஸ்ஃப்ளோவை எடுத்துவிட்டு, மொண்டியோவிலும் ஃபோகஸிலும் வந்த 2 லிட்டர் ஸெட்டெக்கை வைக்கப் போகிறோம். வேறு எஞ்சின் உங்கள் மனத்தில் இருந்தாலும் இதே வரிசை பொருந்தும். அளவுகள் மட்டும் மாறும்.

செவன் வகைக் கார்களுக்கு எஞ்சின் மாற்றம் புதிதல்ல. 1957இல் லோட்டஸ் இந்தக் காரை வெளியிட்டபோது அதில் இருந்தது ஃபோர்டின் 1172 சி.சி. பக்கவால்வு எஞ்சின். 1973இல் உற்பத்தி உரிமை கேட்டர்ஹாமுக்குப் போன பிறகு கிராஸ்ஃப்ளோ, வாக்ஸால், ரோவர் கே வரிசை, ஃபோர்டு டியூராடெக் என்று எத்தனையோ எஞ்சின்கள் அந்தக் குறுகிய பானட்டுக்குள் வந்து போயின. 1990களில் எஸ்கார்ட் காரின் உறுப்புகளைக் கொண்டு வீட்டிலேயே சேசிஸ் வெல்டிங் செய்து லோகாஸ்ட் என்னும் மலிவான செவன் பாணிக் காரைக் கட்டியவர்களும் கையில் கிடைத்த எஞ்சினைத்தான் வைத்தார்கள். ஆகவே நீங்கள் சந்திக்கப்போகும் சிக்கல் எதுவானாலும், அதை ஏற்கெனவே தீர்த்தவர் ஒருவர் இருப்பார். தேவையான உறுப்புகளில் பெரும்பாலானவை கடையிலும் கிடைக்கும்.

எதை மாற்றாமல் விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புதியவர்களுக்கு நான் தரும் முதல் அறிவுரை, கியர்பாக்ஸைத் தொடாதீர்கள் என்பது. இதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. கியர்பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தால் கியர் நெம்பும் அதே இடத்தில் இருக்கும். நெம்பு மாறாவிட்டால் கியர்பாக்ஸை மூடியிருக்கும் நடுச்சுரங்கத்தின் தகட்டை வெட்ட வேண்டாம், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ராப்ஷாஃப்டின் நீளத்தை மாற்ற வேண்டாம், பின் அச்சின் பல்லிணை விகிதத்தைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, புதிய எஞ்சினின் பின்முகம் எங்கே வர வேண்டும் என்பதும் தானாகவே முடிவாகிவிடுகிறது. மிஞ்சுவது முன்பக்கம் இரண்டு தாங்கிகள் செய்யும் வேலை மட்டுமே. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவர் காரின் பாதியைப் புதிதாகக் கட்டுகிறார் என்றே சொல்லலாம்.

நான்கு சிலிண்டர் சியராவின் டைப் 9 பெட்டியில் முதல் கியர் விகிதம் 3.65. ஸெட்டெக்கின் இழுவைக்கும் செவனின் சிறிய எடைக்கும் அது மிகக் குறுகியது. காரைக் கிளப்பியதுமே இரண்டாவது கியர் கேட்கும். வி6 கார்களில் வந்த டைப் 9 பெட்டியின் முதல் கியர் 3.36. அந்தப் பல்லிணைகளைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம். முதல் ஓட்டத்துக்கு அது தேவையில்லை.

எஞ்சின் வாங்குவதற்கு முன் காகிதம்

இந்த வேலையில் எல்லோரும் கடைசிக்குத் தள்ளும் பகுதி இது. மூன்று இடங்களில் பேச வேண்டும். முதலாவது காப்பீட்டு நிறுவனம்: குதிரைத்திறன் 84 அளவிலிருந்து 130க்குப் போகிறது என்றால் அவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும், அதுவும் சாலையில் இறங்கும் முன்பே. இரண்டாவது, ஆண்டுச் சோதனை செய்யும் எம்ஓடி நிலையம். புகை அளவு எந்த வரம்புப்படி பார்க்கப்படும் என்பது கார் முதலில் பயன்பாட்டுக்கு வந்த தேதியைப் பொறுத்தது. உங்கள் பதிவுச் சான்றைக் காட்டி, இந்த எஞ்சினை வைத்தால் என்ன சோதனை என்று கேட்டுவிடுங்கள். வினையூக்கி மாற்றி கட்டாயம் என்றால் எக்ஸாஸ்ட் குழாயை வடிவமைக்கும்போதே அதற்கு இடம் விட வேண்டும். மூன்றாவது, வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ: எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் மாறியதைத் தெரிவித்து வி5சி என்னும் பதிவுச் சான்றைத் திருத்த வேண்டும். அதற்கு எஞ்சின் வாங்கிய ரசீது வேண்டும். ரசீது தராத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

சேசிஸ் குழாயை வெட்டும் ஆசை வந்தால் ஒரு கணம் நில்லுங்கள். பெருமளவு மாற்றப்பட்ட கார்களை மதிப்பிட டிவிஎல்ஏ பயன்படுத்திவந்த புள்ளி முறையில், பழைய பதிவு எண்ணைத் தக்கவைக்க 8 புள்ளிகள் வேண்டியிருந்தன. அதில் எஞ்சினுக்கு 1 புள்ளிதான். மாற்றப்படாத சேசிஸுக்கு 5. எஞ்சினுக்கு வழிவிடச் சேசிஸை அறுப்பது காரின் பதிவையே ஆபத்தில் தள்ளலாம், மீண்டும் ஐவிஏ என்னும் தனிவாகன ஒப்புதல் சோதனைக்குப் போகும்படியும் ஆகலாம். அப்போதைய விதியைப் படிக்காமல் அறுக்கும் கருவியைக் கையில் எடுக்காதீர்கள். என் கருத்தில், சேசிஸை அறுத்தால்தான் உள்ளே போகும் எஞ்சின் அந்தக் காருக்கு ஏற்ற எஞ்சினே அல்ல.

ஏன் ஸெட்டெக், எந்த ஸெட்டெக்

2 லிட்டர் ஸெட்டெக்கின் கொள்ளளவு 1988 சி.சி.; சிலிண்டர் விட்டம் 84.8 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 88 மி.மீ. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், இரண்டு கேம்ஷாஃப்ட், பதினாறு வால்வு. எந்த மாற்றமும் செய்யாமலே ஃபோகஸில் 130 குதிரைத்திறன் தந்தது. டியூராடெக் இதைவிட இலகுவானது, நவீனமானது, அதிகத் திறனுக்கும் இடம் கொடுப்பது. அதன் பிளாக்கும் அலுமினியம். ஆனால் டைப் 9 பெட்டியோடு அதை இணைக்கத் தனியாகச் செய்த பெல்ஹவுசிங் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலான உறை) வாங்கியாக வேண்டும், மற்ற உறுப்புகளின் செலவும் கூடும். ஸெட்டெக்கின் பின்முகத்துப் போல்ட் துளைகளோ ஃபோர்டின் பழைய கிராஸ்ஃப்ளோ அமைப்போடு பெருமளவு ஒத்துப்போகின்றன. முதல்முறை செய்பவர் ஸெட்டெக்கோடு தொடங்குவதே நல்லது.

வால்வு மூடி வெள்ளி நிறத்தில் இருப்பது முந்தைய வகை, கறுப்பு நிறத்தில் இருப்பது பிந்தையது. வெள்ளியில் ஹைட்ராலிக் டேப்பெட்டுகள், கறுப்பில் திடமானவை. இரண்டும் நல்ல எஞ்சின்கள்தான். கிடைப்பதில் ஆரோக்கியமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஓடும் காரிலேயே எஞ்சினைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். நான்கு சிலிண்டரிலும் அழுத்தச் சோதனை செய்யுங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இருக்கக் கூடாது. எண்ணெய் மூடியைத் திறந்து கறுப்புக் கசடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள்: பிளைவீல், கிராங்க் சென்சார், இக்னிஷன் காயில், எல்லாச் சென்சார்களும் அவற்றின் இணைப்பு முனைகளோடு, தெர்மோஸ்டாட் உறை, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு முனையாகப் பின்னால் தேடி வாங்கினால் எஞ்சினைவிட அதிகம் செலவாகும்.

ஸ்டாண்டில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், தண்ணீர் பம்ப், கிராங்க்ஷாஃப்டின் முன் பின் சீல்கள் எல்லாவற்றையும் இப்போதே புதிதாக்குங்கள். காருக்குள் போனபின் பின் சீல் கசிந்தால் எல்லாவற்றையும் மறுபடி வெளியே எடுக்க வேண்டும். ஸெட்டெக்கின் கேம் சக்கரங்களுக்குச் சாவி கிடையாது. போல்ட்டின் இறுக்கம் ஒன்றே அவற்றைப் பிடித்திருக்கிறது. அதனால் குறியிட்டு வைத்து மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். கேம்ஷாஃப்டுகளின் பின்முனையில் உள்ள பள்ளங்களில் 5 மி.மீ. தடிப்புள்ள தட்டைப் பட்டையைச் செருகிப் பூட்டி, கிராங்க்ஷாஃப்டை உச்சநிலையில் (முதல் பிஸ்டன் முழுவதும் மேலே வந்த நிலையில்) நிறுத்தி, பிறகே சக்கரங்களை இறுக்க வேண்டும். முடித்தபின் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு, பட்டை மறுபடியும் தடையின்றி நுழைகிறதா என்று பாருங்கள்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். இங்கே ஒரு மி.மீ. தவறினால் ஆயிரம் மைல் கழித்துக் கியர்பாக்ஸ் கத்தத் தொடங்கும். நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் முனைத் தாங்கி. கியர்பாக்ஸின் உள்வரும் தண்டின் நுனி, கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் உள்ள ஒரு சிறு பேரிங்கில் உட்கார வேண்டும். பின்சக்கர இயக்கக் கார்களின் எஞ்சின்களில் இது உண்டு. ஸெட்டெக்கோ முன்சக்கர இயக்கக் காருக்காகச் செய்யப்பட்டது. அங்கே இந்தப் பேரிங்குக்கு வேலையில்லை, ஆகவே அது இருக்காது. கிராங்க்ஷாஃப்டின் துளைக்குப் பொருந்தும் வெளிவிட்டமும் டைப் 9 தண்டின் நுனிக்குப் பொருந்தும் உள்விட்டமும் உள்ள ஊசி பேரிங்கையோ, இணைப்பு வளையத்தோடு வருவதையோ வாங்கி அடிக்க வேண்டும். இதை மறந்து எஞ்சினைப் பொருத்தினால் கார் ஓடத்தான் ஓடும், அதுதான் ஆபத்து. தண்டு தள்ளாடி, கிளட்சையும் கியர்பாக்ஸின் முன் பேரிங்கையும் மெல்லத் தின்றுவிடும்.

அடுத்தது கிளட்ச். டைப் 9 தண்டு ஒரு அங்குல விட்டமும் 23 பற்களும் கொண்டது. கிளட்ச் தட்டின் நடுத்துளை அதற்குப் பொருந்த வேண்டும். அழுத்தத் தட்டு உங்கள் பிளைவீலுக்குப் பொருந்த வேண்டும். இரண்டும் வெவ்வேறு காரிலிருந்து வரலாம், தவறில்லை. பிளைவீலை மாற்றுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். எஞ்சினின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் பல் வரிசை ஸெட்டெக்கில் பிளைவீலிலேயே இருக்கிறது: 36 பற்களுக்கு இடம், அதில் ஒன்று இல்லை. எடை குறைக்கிறேன் என்று கடைசல் பட்டறையில் கொடுத்து அந்தப் பற்களைச் சீவிவிட்டால் எஞ்சின் கிளம்பாது. வேறு பிளைவீல் வைப்பவர்கள் முன்பக்கக் கப்பியில் அதே 36-1 தட்டையும் சென்சாரையும் பொருத்திக்கொள்ள வேண்டும்.

பிறகு பெல்ஹவுசிங். டைப் 9 பெட்டியில் இது தனி உறுப்பு, கழற்றி மாற்றலாம். ஃபோர்டின் 1.8 லிட்டர் சிவிஎச் எஞ்சின் வைத்த சியராவின் பெல்ஹவுசிங் ஸெட்டெக்குக்குப் பொருந்தும் என்பதால் பலரும் அதைத் தேடுகிறார்கள். புதிதாக வார்த்ததும் விற்பனைக்குக் கிடைக்கிறது. எதுவானாலும், பிளாக்கின் பின்முகத்தில் இரண்டு டவல் ஊசிகள் (இடத்தைத் துல்லியமாக நிறுத்தும் உருளை ஊசிகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். போல்ட்டுகள் இறுக்குவதற்கு மட்டுமே. இரண்டு தண்டுகளையும் ஒரே மையத்தில் நிறுத்துவது இந்த ஊசிகள்தாம். பழைய எஞ்சின்களில் இவை அடிக்கடி காணாமல் போயிருக்கும். இல்லையென்றால் வாங்கி அடித்துவிட்டு மேற்கொண்டு போங்கள்.

இப்போது ஆழம். பெல்ஹவுசிங்கின் முகத்திலிருந்து தண்டின் நுனி எவ்வளவு நீண்டிருக்கிறது, பிளாக்கின் பின்முகத்திலிருந்து பேரிங்கும் அதன் பின்னுள்ள துளையின் அடியும் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்று ஆழமானியால் அளந்து காகிதத்தில் எழுதுங்கள். நுனி பேரிங்குக்குள் முழுமையாக நுழைய வேண்டும். ஆனால் துளையின் அடியைத் தொடக் கூடாது. சந்தேகம் இருந்தால் துளைக்குள் சிறிது களிமண் வைத்து, ஒருமுறை பொருத்திக் கழற்றிப் பாருங்கள். எவ்வளவு இடைவெளி என்று அது காட்டிவிடும். பெல்ஹவுசிங் முழுமையாக உட்காராமல் கடைசியில் சில மி.மீ. இடைவெளி நின்றால், போல்ட்டைப் போட்டு இழுத்து மூடாதீர்கள். ஏதோ ஒன்று இடிக்கிறது என்று பொருள். போல்ட்டால் இழுத்தால் பெல்ஹவுசிங்கின் காது உடையும், அல்லது கிராங்க்ஷாஃப்டின் த்ரஸ்ட் வாஷர் தேயும்.

கடைசியாகக் கிளட்ச் விடுவிப்பு. கேபிள் நெம்பு வைத்திருந்தால் வேலை எளிது. தண்டைச் சுற்றி உட்காரும் ஹைட்ராலிக் சிலிண்டர் வைப்பவர்கள், அதற்கும் கிளட்ச் விரல்களுக்கும் இடையிலான இடைவெளி தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்த்து, தேவையான தடிப்பில் வளையம் வைத்துச் சரிசெய்ய வேண்டும். அந்தச் சிலிண்டரின் காற்றெடுக்கும் குழாயைப் பெல்ஹவுசிங்குக்கு வெளியே கொண்டுவர மறக்காதீர்கள். ஸ்டார்ட்டர் எந்தப் பக்கம் வருகிறது, அதன் பல் பிளைவீல் வளையத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்பதையும் மேசை மேலேயே பேட்டரி கொடுத்துப் பார்த்துவிடலாம்.

ஒத்திகைப் பொருத்தம்

நல்ல எஞ்சினை முதலிலேயே உள்ளே இறக்காதீர்கள். உடைந்த ஸெட்டெக் ஒன்றின் வெற்றுப் பிளாக்கும் ஹெட்டும் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும். எடை குறைவு, வெல்டிங் பொறி பட்டாலும் கவலையில்லை, பலமுறை ஏற்றி இறக்கலாம். அது கிடைக்காவிட்டால், இன்லெட், எக்ஸாஸ்ட், ஆல்டர்னேட்டர் எல்லாம் கழற்றிய உங்கள் எஞ்சினையே துளைகளை மூடிப் பயன்படுத்துங்கள்.

கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்துப் பொருத்தி, சாய்வை மாற்றும் கருவி உள்ள கிரேனில் தொங்கவிட்டு, வால்பகுதியைத் தாழ்த்திச் சுரங்கத்துக்குள் நுழையுங்கள். ஒருவர் கிரேனிலும் ஒருவர் கியர்பாக்ஸின் அருகிலும் நிற்க வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள். கியர்பாக்ஸின் பின் தாங்கியை அதன் பழைய இடத்தில் போல்ட் செய்துவிட்டு, எஞ்சினின் முன்பகுதியைச் சம்புக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து நிறுத்துங்கள். இனி நான்கு விஷயங்களை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்.

ஒன்று, சாய்வு. கிராங்க்ஷாஃப்டின் கோடும் பின் அச்சின் பினியன் (ப்ராப்ஷாஃப்ட் சுழற்றும் சிறு பல்லிணை) கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இரண்டையும் டிஜிட்டல் கோணமானியால் அளக்கலாம். பழைய எஞ்சினை எடுக்கும் முன்பே இந்தக் கோணத்தை அளந்து எழுதி வைத்திருந்தால் இப்போது அதையே திரும்பக் கொண்டுவந்தால் போதும். பானட்டுக்கு இடம் வேண்டும் என்று முன்பகுதியைத் தாழ்த்திக்கொண்டே போனால் ப்ராப்ஷாஃப்ட் அதிரும்.

இரண்டு, சம்ப். செவன் காரின் அடி தரைக்கு மிக அருகில் இருக்கும். சேசிஸின் அடிக்குழாய்க்குக் கீழே சம்ப் தொங்கினால், முதல் வேகத்தடையில் அது உடைந்து எண்ணெய் முழுவதும் சாலையில் கொட்டும். ஃபோகஸின் சம்ப் இதற்கு ஆழம் அதிகம். குட்டையான சம்பை வாங்குங்கள், அல்லது உங்கள் சம்பை வெட்டி ஆழத்தைக் குறைத்து, இழந்த கொள்ளளவைப் பக்கவாட்டில் கூட்டுங்கள். சம்பைக் குறைத்தால் எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் அதே அளவு குறைக்க வேண்டும். குழாயின் வாய்க்கும் சம்பின் தளத்துக்கும் இடையே 6 முதல் 10 மி.மீ. இருக்கட்டும். உள்ளே தடுப்புத் தகடுகள் கட்டாயம்: இலகுவான கார் நீண்ட வளைவில் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கும். அப்படிச் சில நொடிகள் போதும், பேரிங்குகள் போய்விடும்.

மூன்று, பக்கவாட்டு இடம். ஃபோகஸில் ஸெட்டெக்கின் எக்ஸாஸ்ட் ரேடியேட்டரைப் பார்த்தபடி முன்னால் இருக்கிறது. எஞ்சினை நீளவாக்கில் திருப்பும்போது அது காரின் இடப்பக்கம் போகிறது. இன்லெட் வலப்பக்கம் வருகிறது. பிரிட்டன் கார்களில் ஸ்டீயரிங் தண்டு வலப்பக்கம் என்பதால், சூடான குழாய்கள் அதோடு மோதாது. இது பெரிய வசதி. ஆனால் த்ராட்டில் பாடிகள் அல்லது கார்புரேட்டர்கள் தண்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளியில் வருகின்றன என்று அட்டைப்பெட்டியில் மாதிரி செய்து வைத்துப் பாருங்கள். ஆல்டர்னேட்டர், எண்ணெய் வடிகட்டி இரண்டுக்கும் இதே சோதனை தேவை. வடிகட்டியைக் கழற்றக் கை நுழைய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்கு, உயரம். ஸெட்டெக் கிராஸ்ஃப்ளோவைவிட உயரமானது. பானட்டை மூடிப் பாருங்கள். மூடவில்லையென்றால் பானட்டில் ஒரு புடைப்பு வைப்பதே சரியான வழி. அதற்காகச் சம்பைத் தரையை நோக்கி இறக்காதீர்கள்.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அசையும் பொருள். எந்தப் பக்கமும் சேசிஸிலிருந்து குறைந்தது 15 மி.மீ. இடைவெளி விடுங்கள். எல்லாம் சரியானபின் அட்டையில் தாங்கிகளின் வடிவத்தை வெட்டி, பிறகு இரும்புத் தகட்டில் செய்து, புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, எஞ்சினை இறக்கி மறுபடி ஏற்றிச் சரிபாருங்கள். முழு வெல்டிங் அதற்குப் பிறகுதான். வெல்டிங்குக்கு முன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றிவிடுங்கள். உங்கள் வெல்டிங்கில் உங்களுக்கே முழு நம்பிக்கை இல்லையென்றால், புள்ளி வைத்த தாங்கிகளோடு காரைத் தொழிலறிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தண்ணீர்

குறுக்காகப் பொருத்தப்படும் எஞ்சினை நீளவாக்கில் வைக்கும்போது தண்ணீர்க் குழாய்கள் சங்கடமான இடத்துக்கு வரும். ஸெட்டெக்கின் தெர்மோஸ்டாட் உறை ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் இருக்கிறது; அது இப்போது கால்பகுதியின் முன்சுவரை முட்டும். திசை மாற்றிய உறையை வாங்கலாம், அல்லது அலுமினியத்தில் செய்துகொள்ளலாம். ஹீட்டர் இல்லாத கார் என்றாலும் ஹீட்டருக்கான வழியை அடைத்துவிடாதீர்கள். குழாயை வளைத்து இணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் தண்ணீர் எஞ்சினுக்குள் சுற்ற அந்தப் பாதை தேவை. விரிவுத் தொட்டி முழு அமைப்பிலும் மிக உயரமான இடத்தில் இருக்கட்டும். செவனின் மூக்கு தாழ்ந்தது, எஞ்சின் உயரமானது. காற்று ஹெட்டில்தான் தங்கும். பவர் ஸ்டீயரிங், ஏ.சி. பம்புகளைக் கழற்றி பெல்ட்டின் பாதையை மாற்றும்போது, தண்ணீர் பம்ப் பழைய திசையிலேயே சுற்றுகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

பெட்ரோலும் தீப்பொறியும்

ஃபோகஸின் இன்லெட் குழாய்த் தொகுதி இந்தப் பானட்டுக்குள் அடங்காது. இரண்டு வழிகள் உண்டு. மோட்டார் சைக்கிளின் நான்கு கார்புரேட்டர்களை ஒரு இணைப்புக் குழாயில் வைப்பது மலிவானது. பிரிட்டனில் பலர் செய்கிறார்கள். அப்போதும் தீப்பொறியைக் கட்டுப்படுத்த ஒரு கணினிப் பெட்டி தேவை, ஏனென்றால் ஸெட்டெக்கில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. இன்னொரு வழி த்ராட்டில் பாடிகளும் இன்ஜெக்டர்களும், எரிபொருள், தீப்பொறி இரண்டையும் ஆளும் ஈசியு என்னும் எஞ்சின் கணினியும். எம்ஓடி புகைச் சோதனை கடுமையாக இருக்கும் காருக்கு இரண்டாவதே சரி. பணம் இருந்தால் எல்லோருக்கும் இதையே சொல்வேன். குளிர்காலக் காலையில் கார் உடனே கிளம்புவதில் ஒரு தனி நிம்மதி இருக்கிறது.

ஃபோர்டின் சொந்த ஈசியுவைத் தக்கவைக்க நினைப்பவர்கள், பிந்தைய கார்களில் சாவியோடு இணைந்த திருட்டுத்தடுப்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம். சாவி, வாசிப்பான், ஈசியு மூன்றும் ஒரே காரிலிருந்து வர வேண்டும். எமரால்டு, ஓமெக்ஸ், மெகாஸ்குவர்ட் போன்ற தனி ஈசியுகளில் இந்தத் தொல்லை இல்லை. வயரிங்கும் மிக எளிது.

கிராஸ்ஃப்ளோவின் பெட்ரோல் பம்ப் பிளாக்கிலேயே இருந்தது. ஸெட்டெக்கில் அது இல்லை. எந்த வழியானாலும் மின்பம்ப் வேண்டும். கார்புரேட்டருக்கு 0.2 பார் அளவு அழுத்தம் போதும். இன்ஜெக்டர்களுக்குப் பொதுவாக 3 பார். அந்த அழுத்தத்துக்குப் பழைய ரப்பர் குழாய்களும் திருகு வளையங்களும் தாங்காது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற, ஆர்9 தரமுள்ள குழாயும் அதற்குரிய முழுவட்டக் கிளிப்புகளும் வாங்குங்கள். தொட்டிக்குத் திரும்பும் குழாயும், வளைவில் பம்ப் காற்றை இழுக்காமலிருக்கச் சுழல் கலமும் வேண்டும். மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சைப் பம்பின் வயரில் கட்டாயம் சேருங்கள். இந்தப் பத்தியில் எதிலும் சிக்கனம் பார்க்காதீர்கள்: காரோட்டியின் கால்களுக்கு அருகே 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் ஓடப்போகிறது.

வயரிங்கில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஞ்சினிலிருந்து சேசிஸுக்குத் தடித்த எர்த் பட்டை போடுங்கள். எஞ்சின் ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டை இல்லையென்றால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் த்ராட்டில் கேபிள் வழியாகவோ கிளட்ச் கேபிள் வழியாகவோ போகும், கேபிள் சிவக்கச் சூடாகும். பழைய டேக்கோமீட்டருக்கு ஈசியுவின் தனி முனையிலிருந்து சமிக்ஞை கொடுங்கள். எண்ணெய் அழுத்தம், வெப்பம் காட்டும் சென்சார்கள் உங்கள் மீட்டர்களோடு பொருந்தும் வகையா என்றும் பாருங்கள்.

முதல் கிளப்பல்

அருகில் தீயணைப்பான் இருக்கட்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, மீட்டரில் எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அழுத்தம் வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிறகு பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிக் கசிவு பாருங்கள்.

அடுத்து, தீப்பொறியின் நேரம். ஃபோர்டின் நான்கு சிலிண்டர் அமைப்பில், முதல் சிலிண்டர் உச்சநிலைக்கு 90 டிகிரி முன்னால் இருக்கும்போது இல்லாத பல் சென்சாருக்கு நேராக வர வேண்டும். முன்கப்பியில் புதிய தட்டு வைத்தவர்கள் இதைக் கவனமாகப் பாருங்கள். ஈசியுவில் நேரத்தை 10 டிகிரியில் நிலைநிறுத்தி, ஸ்ட்ரோப் விளக்கால் கப்பியில் பார்த்தால் அதே 10 டிகிரி தெரிய வேண்டும். திரையில் ஓர் எண்ணும் கப்பியில் வேறு எண்ணும் இருந்தால், திரையில் தெரியும் எதையும் நம்ப முடியாது.

எஞ்சின் கிளம்பியபின் வேகத்தை ஏற்றி மகிழும் ஆசை எல்லோருக்கும் வரும். கொஞ்சம் பொறுங்கள். சும்மா ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல்குழாய் சூடாகும் வரை வெப்பமானியையும் விரிவுத் தொட்டியையும் பாருங்கள். மின்விசிறி தானாக ஓட வேண்டும். அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, தண்ணீர் மட்டத்தை நிரப்புங்கள். எக்ஸாஸ்ட் நட்டுகள், எஞ்சின் தாங்கிப் போல்ட்டுகள், பெல்ஹவுசிங் போல்ட்டுகள் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சோதியுங்கள். சூடாகி ஆறும் முதல் சில முறைகளில் அவை தளரும்.

ஈசியுவில் போட்டிருக்கும் தொடக்க வரைபடம் எஞ்சினைக் கிளப்பவும் மெதுவாக நகர்த்தவும் மட்டுமே. எக்ஸாஸ்டில், பெட்ரோல்–காற்றுக் கலவையைக் காட்டும் அகலப்பட்டை லாம்ப்டா சென்சாருக்கு ஒரு திருகுவாய் வெல்டிங் செய்துவிட்டு, காரை ட்ரெய்லரில் ஏற்றி ரோலிங் ரோடு நிலையத்துக்கு (காரை உருளைகளின் மேல் ஓட்டி எஞ்சினைச் சீரமைக்கும் இடத்துக்கு) கொண்டுபோங்கள். சுமையின் கீழ் எரிபொருள் குறைந்தால் பிஸ்டன் உருகும். அதைச் சாலையில் ஓட்டிக் கண்டுபிடிக்கக் கூடாது. அங்கே போகும் முன் பிரேக்குகளையும் ஒருமுறை சரிபாருங்கள். பழைய எஸ்கார்ட் பிரேக்குகள் 84 குதிரைத்திறனுக்குப் போதுமானவையாக இருந்திருக்கலாம். ஸெட்டெக் வைத்த காரில் பட்டைகளையும் திரவத்தையும் புதிதாக்கிவிட்டே வேகத்தைக் கூட்டுங்கள். முதல் நூறு மைலுக்குப் பிறகு எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, பழைய வடிகட்டியை அறுத்துத் திறந்து, உள்ளே உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.